நிலுவை இல்லாத அலுவலகம்

ஒரு சிறுநீரகத்தின் விலை இருநூற்றைம்பது. விண்ணப்பக் கட்டணம் இருநூறு, இணையச் சேவைக் கட்டணம் ஐம்பது. சிறுநீரகத்தின் சொந்தக்காரன் ஒரு காசு கேட்கவில்லை. கேட்டதெல்லாம் உறுப்பு மாற்று அனுமதித் துறைதான்.

சொந்தக்காரன் லாரி ஓட்டுகிறவன். பெயின்ட் கடைக்காரருக்கு மச்சான், அதாவது அவர் மனைவியின் ஒரே தம்பி. அக்காவின் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன, இனி வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் போட்டுத்தான் ரத்தத்தைக் கழுவ வேண்டும் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே, சரக்கு ஏற்றிய வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவன் அவன்.

"எங்கிட்ட ரெண்டு இருக்கு மாமா. ஒண்ணு ஸ்டெப்னி தானே? கழட்டிக்கங்க" என்றான்.

பரிசோதனையில் எல்லாம் பொருந்தியது. அறுவை டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "துறையிலேர்ந்து அனுமதி நம்பர் வாங்கிட்டு வாங்க. அடுத்த வாரமே பண்ணிடலாம். ஆனா சீக்கிரம். அவங்க இதயம் ரொம்ப நாள் இழுத்துப் பிடிக்காது. மூணு மாசம்னு வெச்சுக்கங்க. நாலுன்னு நான் சொல்ல மாட்டேன்."

பெயின்ட் கடைக்காரர் பிறந்ததே கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில். கொடுக்கிறவன் தயார், வாங்குகிறவள் தயார், சரக்கு முதல் தரம், இருவரும் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். தரகுக்கு இடமே இல்லாத வியாபாரம் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. நடுவில் ஒரு இணையதளம் இருப்பது அவருக்குத் தெரியாது.

கடைக் கம்ப்யூட்டரில் மச்சானும் அவருமாக உட்கார்ந்து படிவத்தைத் திறந்தார்கள். பக்கம் பக்கமாக வந்துகொண்டே இருந்தது. 'கொடுப்பவர் இதே உறுப்பை இதற்கு முன் வேறு யாருக்காவது கொடுத்திருக்கிறாரா?' என்று ஒரு கேள்வி. 'ஆம் எனில், இப்போது எதைக் கொடுக்கிறார்?' என்று அடுத்தது. மூன்றாம் பக்கத்தில், கொடுக்கப்படும் உறுப்பின் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் கேட்டார்கள். வெள்ளைப் பின்னணியில், இரண்டு காதும் தெரியும்படி.

ஸ்கேன் படத்தைப் போட்டார்கள். 'முகம் தெளிவாக இல்லை' என்று சிவப்பில் வந்தது. மறுபடி போட்டார்கள். 'சிரிக்காமல் எடுக்கவும்' என்று வந்தது. மச்சான் எழுந்து போய்ப் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு முந்திரிப்பருப்பை வாங்கி வந்து, வெள்ளைத் தாளில் வைத்துப் படம் பிடித்து ஏற்றினான். உடனே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

"பாருங்க மாமா, அப்படியே எங்க குடும்பத்துச் சாயல்" என்று சொல்லிவிட்டு அதை வாயில் போட்டுக்கொண்டான்.

கடைசிப் பக்கத்தில் 'சமர்ப்பி' என்ற பட்டன். அமுக்கினார். ஒரு வட்டம் சுற்றியது. பிறகு திரை நிறையப் பச்சை நிறத்தில் ஒரு டிக். கீழே: 'நன்றி! உங்கள் விண்ணப்பம் வெற்றிகரமாகப் பெறப்பட்டது. உங்கள் நலனே எங்கள் மூச்சு.'

பெயின்ட் கடைக்காரர் திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். நம்பர் இல்லை. தேதி இல்லை. சரக்கு கைமாறிவிட்டது, ரசீது வரவில்லை. கடையில் ஒரு கால் லிட்டர் டப்பா விற்றால்கூட அவர் துண்டுச்சீட்டு கொடுப்பவர். ஆனால் எதிரே இருந்தது அரசாங்கத்தின் பச்சை. கண்ணுக்குக் குளிர்ச்சியான, விலை உயர்ந்த பச்சை. நம்பினார்.

இரண்டு வாரம் போனது. மெஷினில் படுத்திருந்த மனைவி கேட்டாள்: "என்னங்க, என்னதான் சொல்றாங்க?"

"நன்றி சொல்றாங்க."

"எதுக்கு?"

"அதைத்தான் கேக்கப் போறேன்."

துறையின் கட்டடம் புதிது. தரை வழுக்கும் அளவுக்குப் பளபளப்பு. பிளாஸ்டிக் செடிகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற ஒரு ஆள். கழிப்பறைக் கதவு மட்டும் பூட்டியிருந்தது. வெளியே, 'இச்சேவை இணையவழியில் மட்டும்' என்று ஒட்டியிருந்தது. கூடத்தின் நடுவில் சுவரளவு திரை. அதில் இரண்டே வரி. 'பெறப்பட்ட விண்ணப்பங்கள்' என்ற வரியில் எண் நொடிக்கொரு தரம் கூடிக்கொண்டிருந்தது. 'நிலுவை' என்ற வரியில் ஒரு பெரிய பூஜ்யம், தட்டில் வைத்த மாதிரி.

உதவி மேசையில் இருந்த பெண் நகத்துக்குச் சாயம் பூசி ஊதிக்கொண்டிருந்தாள்.

"நன்றி வந்துச்சா சார்?"

"வந்துச்சும்மா."

"பச்சை டிக்கோடயா?"

"பச்சை டிக்கோட."

"அப்புறம் என்ன? எங்க பக்கம் வேலை முடிஞ்சுது."

"இல்லம்மா, அனுமதி எப்ப வரும்னு…"

"நிலுவையில இருந்தா எப்பன்னு சொல்லலாம். அங்க பாருங்க, நிலுவையே இல்ல. இல்லாத இடத்துல நான் எப்படித் தேடறது?"

"அப்ப முடிச்சுட்டீங்களா?"

"முடிச்சிருந்தா முடிஞ்சதுல காட்டுமே. அதிலயும் இல்ல."

"அப்ப எங்கதாம்மா இருக்கு?"

"பெறப்பட்டதுல இருக்கு சார்." அவள் பொறுமையாகத் திரையைக் காட்டினாள். "நீங்க வந்ததுக்கு அப்புறம் எத்தனை கூடியிருக்கு பாருங்க. மக்கள் எவ்வளவு ஆர்வமா இருக்காங்க!"

பிறகு இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னாள். 'விண்ணப்பத்தின் நிலை அறியக் கோரும் விண்ணப்பம்' என்று தனிப் படிவம் இருக்கிறது. ஓரத்தில் உள்ள கம்ப்யூட்டரிலேயே நிரப்பலாம். நிரப்பினார். இந்த முறை நன்றி நீல நிறத்தில் வந்தது.

"நீலம் இப்பத்தான் முதல் தடவையாண்ணே?" என்று பின்னால் ஒரு குரல்.

காக்கிச் சட்டையும் தோளில் தோல் பையுமாக ஒரு பெண். பஸ் கண்டக்டர். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். அவளுடைய பதினாறு வயது மகனுக்கு அவளே சிறுநீரகம் கொடுப்பதற்காக அலைகிறாள். தோல் பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து விரித்தாள். உள்ளே, இதுவரை வந்த நன்றியை எல்லாம் அச்செடுத்து அடுக்கி வைத்திருந்தாள்.

"பச்சையும் நீலமும் எல்லாருக்கும் வரும். இந்த ஆரஞ்சு இருக்கு பாருங்க, இது புகாருக்கு வர்ற நன்றி. ரொம்ப மரியாதையா எழுதுவாங்க. ஊதா நன்றி இங்க யார்கிட்டயும் இல்ல, எங்கிட்ட மட்டும்தான். மேல்முறையீடு போட்டேன்."

"பலன் இருக்காம்மா?"

"டிக்கெட் கொடுக்காம பஸ்ல ஒரே ஒருத்தரை ஏத்திட்டா எனக்கு மெமோண்ணே. இவங்க ஊரையே ஏத்திக்கிட்டு ஒருத்தருக்கும் டிக்கெட் கொடுக்கல. ஆனா பஸ்ஸுன்னு ஒண்ணு இருந்தா ஒருநாள் ஸ்டாப்பிங் வரத்தானே செய்யும்? விடாம போட்டுக்கிட்டே இருக்கேன்."

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் இருவரும் அங்கே சந்தித்துக்கொண்டார்கள். அவள் மகனுக்குக் கால் வீங்கியிருப்பதை அவள் சொல்வாள். மனைவிக்கு மூச்சு வாங்குவதை அவர் சொல்வார். பிறகு ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நன்றி வாங்கிக்கொண்டு போவார்கள். அவர் தந்தி மாதிரிச் சுருக்கமாகவும் எழுதிப் பார்த்தார், கால் பிடிக்கிற மாதிரி நீளமாகவும் எழுதிப் பார்த்தார். ஒருநாள் ஆத்திரத்தில் 'உங்கள் தலையில் இடி விழ' என்று மட்டும் எழுதி அனுப்பினார். அதற்கும் வெற்றிகரமாக நன்றி வந்தது.

இரண்டாவது மாதக் கடைசியில் துறைக்கு விருது கிடைத்தது. தேக்கமற்ற சேவைக்கான விருது. விழா அரங்கில் நாற்காலிகள் காலியாக இருந்ததால், அன்று கூடத்தில் காத்திருந்தவர்களை எல்லாம் பிஸ்கட் கொடுத்து உள்ளே உட்கார வைத்தார்கள். பெயின்ட் கடைக்காரரும் கண்டக்டரம்மாவும் ஐந்தாவது வரிசை. பிஸ்கட் நமுத்துப்போயிருந்தது. மேடையில் இயக்குநர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"நான் பொறுப்பேற்றபோது, நண்பர்களே, இந்த அலுவலகத்தில் காகிதம் மலையாகக் குவிந்திருந்தது. ஒவ்வொரு காகிதத்துக்குப் பின்னாலும் ஒரு மனிதன் இருந்தான். அவன் வந்து நின்றான். கேட்டான். சில சமயம் அழுதான். நம் அலுவலர்கள் அதை எல்லாம் பார்க்க வேண்டியிருந்தது! மதிய உணவு இறங்காமல் தவித்தவர்கள் உண்டு. அந்தக் கொடுமைக்கு முற்றுப்புள்ளி வைத்தோம்."

கைதட்டல்.

"இன்று நிலுவை பூஜ்யம். புகார் பூஜ்யம். நான் சவால் விடுகிறேன், இந்தத் துறை நிராகரித்த ஒரே ஒரு விண்ணப்பத்தைக் காட்டுங்கள் பார்க்கலாம். முடியாது! இன்னொன்றும் சொல்கிறேன். விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலானோர் சில மாதங்களுக்குப் பிறகு இங்கே வருவதே இல்லை. ஒரு மனிதன் திரும்பி வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? அவன் திருப்தி அடைந்துவிட்டான் என்று அர்த்தம்."

நீண்ட கைதட்டல். கண்டக்டரம்மா பிஸ்கட்டைக் கைக்குட்டையில் துப்பி மடித்தாள்.

"வராதவங்க எங்க போனாங்கன்னு இந்த ஆளுக்கு நெஜமாவே தெரியாதாண்ணே?" என்று கேட்டாள். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், உணர்ச்சிவசப்பட்டு.

விழா முடிந்து தேநீர் கொடுத்த இடத்தில்தான் பெயின்ட் கடைக்காரர் ஒரு ஸ்வெட்டர்காரரைப் பார்த்தார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. இந்த ஆள் கழுத்து வரைக்கும் கம்பளி ஸ்வெட்டர். வழுக்கைத் தலையில் சுண்ணாம்புத் தூள்.

"சர்வர் ரூம்ல வேலை சார். உள்ள எப்பவும் குளிர். அது பரவாயில்ல, சுவர் ஊறல் எடுத்து பெயின்ட் உரிஞ்சு மெஷின் மேல கொட்டுது. நானும் இணையத்துல படிவம் போட்டுப் போட்டுப் பார்க்கறேன்."

"என்ன வந்துச்சு?"

"நன்றிதான்" என்றார் ஸ்வெட்டர்காரர்.

பெயின்ட் கடைக்காரருக்கு முப்பது வருஷத் தொழில் கைகொடுத்தது. "என் கையாலயே பாத்து முடிச்சுத் தர்றேன் சார். காசு வேண்டாம். சுவரை ஒரு தடவை காட்டுங்க" என்றார்.

மறுநாள் சுரண்டும் தகடும் வாளியுமாக உள்ளே போனார். சுவரைச் சுரண்டிக்கொண்டே, சும்மா பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி கேட்டார்: "நாங்க பட்டனை அமுக்கறோமே, அப்ப இங்க என்னதான் சார் நடக்குது?"

இத்தனை நாளில் தன் வேலையைப் பற்றி யாருமே கேட்காத மனிதர் போலிருக்கிறது. ஸ்வெட்டர்காரர் ஆசையாக நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையைத் திருப்பினார்.

"நீங்க அமுக்கினதும் இந்த சர்வர்ல ஒரு ஸ்கிரிப்ட், அதாவது மெஷினுக்கு எழுதி வெச்ச கட்டளை, ஓடும். அதுக்கு மூணே வேலை. நீங்க எழுதினதைச் சரிபார்க்கணும். டேட்டாபேஸ்ல ஒரு வரியா சேமிக்கணும். நன்றி சொல்லணும். அவ்வளவுதான். நான் எழுதினதுதான், நல்லாவே எழுதியிருக்கேன். அதுல சேமிக்கச் சொல்ற வரிக்கு முன்னால ரெண்டு சாய்கோடு இருக்கு பாருங்க? அது இருந்தா மெஷின் அந்த வரியைப் படிக்காது. தாண்டிப் போயிடும்."

"யாரு சார் போட்டது அந்தக் கோட்டை?"

"நான்தான். உத்தரவு இருக்கு."

சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைக் காட்டினார். 'விண்ணப்பங்களைச் சேமிப்பதாலேயே நிலுவை உண்டாகிறது எனக் கண்டறியப்பட்டுள்ளது. எனவே மறு உத்தரவு வரும்வரை சேமிப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது. நன்றி தெரிவித்தல் தொடரலாம்.' கீழே இயக்குநர் கையெழுத்து, அழகாக.

பெயின்ட் கடைக்காரர் வாளியைக் கீழே வைத்தார். "அப்ப நாங்க எழுதினதெல்லாம்?"

"நன்றி வர்ற வரைக்கும் இருக்கும் சார். அப்புறம் இல்ல."

"அந்த ரெண்டு கோட்டையும் அழிச்சுடுங்களேன்."

"அழிச்சா வெளிய பெரிய திரையில நிலுவை ஒண்ணுன்னு வரும். விருது போச்சு, இயக்குநரோட பதவி உயர்வு போச்சு. நான் வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த ஆளு. என்னையும் அழிச்சுடுவாங்க."

பெயின்ட் கடைக்காரருக்கு ஏமாற்றுக்காரர்களைத் தெரியும். பெயின்டில் தண்ணீர் கலக்கிறவன், டப்பாவுக்கு அடியில் கல் வைக்கிறவன், எல்லாரையும் பார்த்தவர். அவர்களுக்கெல்லாம் பயம் என்று ஒன்று இருக்கும். திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே தண்ணீரைக்கூடக் கலக்காமல் வெறும் மூடியை விற்றுவிட்டு, மேடை போட்டு மாலையும் வாங்கிக்கொள்கிறார்கள். வாய்க்குள் நேற்றைய பிஸ்கட்டின் ருசி திரும்பி வந்தது.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சேமிச்சிருக்கு" என்றார் ஸ்வெட்டர்காரர், ஆறுதலாக. "தொடக்க விழாவுக்கு முந்தின நாள் வேலை செய்யுதான்னு பார்க்க நானே போட்டது."

டேட்டாபேஸைத் திறந்து காட்டினார். வெள்ளைவெளேரென்ற மைதானத்தில் ஒரே ஒரு வரி. கொடுப்பவர் பெயர்: அஅஅ. பெறுபவர் பெயர்: ஆஆஆ. இருவருக்கும் வயது தொண்ணூற்றொன்பது. உறவு: தந்தை, மகள். முகவரி: 12345.

அந்த வரிக்கு நேரே துறையின் முத்திரைகள் வரிசையாக இருந்தன. சேமித்த ஒரே விண்ணப்பம் என்பதால் மொத்த அலுவலகமும் அதன் மேல் விழுந்து வேலை செய்திருந்தது. கள ஆய்வாளர் எழுதியிருந்தார்: 'நேரில் சென்று விசாரித்தேன். தந்தையும் மகளும் ஒரே வயதினர் என்பதால் மிகவும் ஒற்றுமையாக உள்ளனர்.' மருத்துவக் குழு: 'இருவர் பெயரும் ஏறக்குறைய பொருந்துகிறது. திசுவும் பொருந்தும்.' நெறிமுறைக் குழு: 'பணப் பரிமாற்றம் நடந்ததற்கான அடையாளம் இல்லை.' கடைசியில் அனுமதி நம்பர். பன்னிரண்டு இலக்கம்.

"யாருமே வந்து வாங்கிக்கல" என்றார் ஸ்வெட்டர்காரர் வருத்தமாக. "இன்னும் ஒரு மாசத்துல காலாவதி."

பெயின்ட் கடைக்காரர் சுவரை முடித்தார். இரண்டு பூச்சு, வழவழவென்று. பிறகு நேராகத் துணை இயக்குநரின் அறைக்குப் போனார்.

துணை இயக்குநர் அம்மையார் கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்தார். மேசையில் ஒன்றுமே இல்லை. வேலை இல்லாததன் பெருமை அதில் மின்னியது. கடைக்காரர் தனக்குத் தெரிந்த முறையில் ஆரம்பித்தார். ஒரு உறையை மேசை மேல் வைத்தார்.

துணை இயக்குநர் பாம்பைப் பார்த்த மாதிரி நாற்காலியோடு பின்னால் போனார். "என்ன இது? எடுங்க முதல்ல! இந்தத் துறையில யாரும் கை நீட்ட மாட்டாங்க. நாங்க ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் வாங்கறதில்ல. விண்ணப்பத்தைக்கூட வாங்கறதில்ல."

லஞ்சம் வாங்குகிறவன் குறைந்தபட்சம் ஒரு வியாபாரி. காசு வாங்கினால் சரக்கைத் தள்ள வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். இந்தச் சுத்தமான கைகளோடு பேரம் பேச ஒன்றுமே இல்லை.

உறையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அந்த ஒற்றை வரியைப் பற்றிக் கேட்டார். துணை இயக்குநர் இழுப்பறையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பிறகு முகம் மலர்ந்தது.

"அது முறையா ஒப்புதல் ஆன பதிவு. அதை நாங்க திருத்த முடியாது, விதி இடம் கொடுக்காது. ஆனா ஆளைத் திருத்தறதுக்கு விதியில தடை இல்லையே? உங்க மச்சான் பேரை அஅஅன்னும், உங்க சம்சாரம் பேரை ஆஆஆன்னும் சட்டப்படி மாத்திட்டு வந்தீங்கன்னா, நம்பரைக் கையில கொடுத்துடறேன். எங்களுக்கும் ஒரு பயனாளி கிடைச்ச மாதிரி."

"வயசு தொண்ணூற்றொன்பதுன்னு போட்டிருக்கே மேடம்."

"அது போகப் போக வந்துடும். கொஞ்சம் பொறுமை வேணும் உங்களுக்கெல்லாம்."

"உறவு?"

"பாசம் இருந்தா போதும். ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுங்க." குரலைத் தாழ்த்தினார். "ஆனா இருக்கறது ஒரே ஒரு பதிவு. சேமிக்கறதில்லங்கற விஷயம் உங்க வாயிலேர்ந்து வெளிய ஒருத்தர் காதுக்குப் போச்சுன்னாலும், அன்னைக்கே அந்த வரியை முடக்கிடுவேன். புரியுதா?"

புரிந்தது. கடையில் கடைசி ஒரு டப்பா இருக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அறையை விட்டு வெளியே வந்தபோது நடைவழியில் கண்டக்டரம்மா நின்றாள். அவர் முகத்தைப் பார்த்ததும் கிட்டே ஓடி வந்தாள்.

"என்னண்ணே, ஏதாவது தெரிஞ்சுதா? உள்ள என்ன சொன்னாங்க?"

துணை இயக்குநரின் கதவு சாத்தியிருக்கவில்லை. கடைக்காரர் அதைப் பார்த்தார். அவள் கையில் இருந்த பிளாஸ்டிக் உறையையும் பார்த்தார்.

"பாத்துக்கிட்டிருக்காங்களாம்மா. விடாம போட்டுக்கிட்டே இருக்கச் சொன்னாங்க" என்றார்.

"அதானே நான் சொல்லிட்டே இருக்கேன்!" என்று சிரித்துவிட்டு, அவள் ஓரத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்து நடந்தாள். அவர் படியிறங்கும்போது திரையில் பெறப்பட்டவை ஒன்று கூடியது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி முதலில் சிரித்தாள், பிறகு இருமினாள், பிறகு கோபப்பட்டாள்.

"நான் மாட்டேன். செத்தாலும் என் பேரோட சாவேன். ஆஆஆன்னா ஒரு பேரா? பல்லு டாக்டர்கிட்ட வாயைத் திறந்த மாதிரி!"

"உனக்காவது நெடில் கிடைச்சுதுக்கா" என்றான் மச்சான். "என்னைப் பாரு, குறில். முதல்ல எனக்கு மரியாதை கொடு. பதிவுப்படி நான்தான் உன்னைப் பெத்த அப்பா."

"போடா எருமை."

"அப்பனை எருமைன்னு சொல்ற பொண்ணுக்கு எதுக்கு மாமா கிட்னி? வேற யாருக்காவது கொடுத்துடலாம்."

அவள் தலையணையை எடுத்து அவன் மேல் எறியப் பார்த்தாள். கை பாதியில் நின்றுவிட்டது. தலையணையைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. மூவரும் அதைப் பார்த்தார்கள். அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டாள்.

பெயர் மாற்றும் அலுவலகம் ஊரின் மறுகோடியில் ஒரு பழைய கட்டடத்தில் இருந்தது. பேனாவால் எழுதி, ரப்பர் முத்திரை குத்தி, ரசீது கிழித்துக் கொடுத்தார்கள். அங்கே இன்னும் இணையம் வந்திருக்கவில்லை. ஆகவே வேலை நடந்தது. குமாஸ்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இன்னும் எத்தனை பேர் வருவீங்க இந்தப் பேருக்கு?"

அனுமதி நம்பர் காலாவதியாவதற்கு முன்னால் அறுவை நடந்தது. டாக்டர் நம்பரை மட்டும் பார்த்தார். தியேட்டர் வாசலில் நர்ஸ், "அஅஅ யாரு?" என்று கூப்பிட்டபோது மச்சான் கையைத் தூக்கி, "உள்ளேன்" என்றான். அக்காவின் ஸ்ட்ரெச்சர் அவன் பக்கத்தில் உருண்டது. அவள் அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

சிறுநீரகம் அக்கா உடம்பில் தன் வீடு போல உட்கார்ந்து வேலை செய்ய ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் அவள் அடுப்படிக்கு வந்தாள். துறையிலிருந்து புகைப்படக்காரரோடு வந்து 'முதல் பயனாளி' என்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பத்திரிகையில் வந்த படத்துக்குக் கீழே வயது தொண்ணூற்றொன்பது என்று இருந்தது. மருத்துவத் துறையின் சாதனை என்று ஊரே வியந்தது.

பத்திரிகை வந்த மறுநாள் பெயின்ட் கடைக்காரர் சரக்கு எடுக்கப் போக பஸ் ஏறினார். ஏறிய பிறகுதான் கண்டக்டரைப் பார்த்தார்.

"அண்ணே!" கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இளைத்திருந்தாள். "பேப்பர்ல படத்தைப் பாத்தேன். அது அண்ணிதானே? பக்கத்துல நீங்க நின்னீங்களே! எப்படி இருக்காங்க?"

"நடக்கறாங்கம்மா."

"பாத்தீங்களா, விடாம போட்டா வரும்னு சொன்னேன்ல! உங்க நன்றி பலிச்சிருச்சு, என்னோடது பலிக்காதா? பையன்கிட்ட உங்க கதையைத்தான் தினமும் சொல்றேன். 'அந்த மாமாவுக்குக் கிடைச்சுதுடா, நமக்கும் கிடைக்கும்'னு."

"தம்பி எப்படிம்மா இருக்கான்?"

"இருக்கான்" என்றாள். பிறகு டிக்கெட்டைக் கிழித்து நீட்டினாள். "இந்த வாரம் லீவே போட முடியல. நாளைக்குத்தான் போய் ஒண்ணு போடணும்."

சொல்லிவிடலாம். இனி முடக்குவதற்கு எந்த வரியும் இல்லை. துணை இயக்குநரின் கதவும் பக்கத்தில் இல்லை. வாயைத் திறந்தால் போதும். அவள் நாளைக்கு அந்தக் கம்ப்யூட்டரில் உட்காராமல், கோர்ட்டுக்கோ பத்திரிகைக்கோ, அந்த இயக்குநரின் வீட்டு வாசலுக்கோ போகலாம். ஆனால் அன்றைக்கே நடைவழியில் சொல்லியிருந்தால் அது வெறும் ஒரு வாக்கியமாக இருந்திருக்கும். இன்றைக்குச் சொன்னால் தான் அதைத் தெரிந்துகொண்ட தேதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு, இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கினார். பஸ் போன பிறகும் அங்கேயே நின்றார். கைக்கு வந்த பழக்கத்தில் மனது கணக்குப் போட்டது.

மச்சான் லாரிக்குப் புது டயர் ஒரு ஜோடி, கேட்காமலே வாங்கிக் கொடுத்தாயிற்று. ஸ்வெட்டர்காரருக்கு ஒரு சுவர், பூசிக் கொடுத்தாயிற்று. துணை இயக்குநருக்கு ஒரு மௌனம், துளி குறையாமல் கொடுத்தாயிற்று. கண்டக்டரம்மாவுக்கு ஒரு வாக்கியம்.

பாக்கி.